இல்லாத பையனின் அம்மா

"உன் பையன் இன்னிக்கு என்ன பண்ணான்?" என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றினான் கணவன்.

அவர்களுக்குப் பையனே கிடையாது. கல்யாணமாகி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. அந்தப் பையன், அவளுடைய ஆராய்ச்சிக்காக மட்டும் பிறந்தவன்.

பிள்ளை பெற்ற முதல் வருடத்தில் அம்மாக்களின் மனசு எப்படி இருக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. அதற்குத் தோதாக இணையத்தில் ஒரு குழு அகப்பட்டது. கைக்குழந்தைக்காரிகள் மட்டும்தான் சேர முடியும். "பையன், மூணு மாசம்" என்று கூசாமல் எழுதிவிட்டு அவளும் சேர்ந்துகொண்டாள்.

அவர்கள் பாவம், மனசுவிட்டு எழுதினார்கள். மாமியாரின் குத்தல் பேச்சு, பால் கட்டிய வலி, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது. இவள் ஒன்று விடாமல் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"பையனைக் கிண்டல் பண்ணாதீங்க. அவன்தான் எனக்கு டாக்டர் பட்டம் வாங்கித் தரப் போறான்."

"அடுத்தவங்க அழுகையை அவங்களுக்கே தெரியாம அள்ளிட்டு வர்றியே, உறுத்தலையா உனக்கு?"

"பேரையெல்லாம் எடுத்துட்டேங்க. யாருன்னே கண்டுபிடிக்க முடியாது. அதுவுமில்லாம, நாலு பேர் படிக்கணும்னுதானே எழுதறாங்க?"

"நாலு அம்மாங்க படிக்கணும்னு எழுதறாங்க."

அவள் காதில் விழாத மாதிரி கணினியைத் திறந்தாள்.

மறுநாள் அவளுடைய பேராசிரியை வாயெல்லாம் பல்லாக இருந்தார்.

"பிரமாதம்மா! முதல்ல குழந்தை சிரிச்சது, குப்புற விழுந்ததுன்னு ஒரே கொண்டாட்டம். நாலஞ்சு மாசம் போனதும் சந்தோஷம் அப்படியே வத்திப்போயிடுது. அப்புறம் வெறும் கஷ்டம்தான் எழுதறாங்க. இதை இவ்வளவு தெளிவா யாருமே காட்டினதில்லை."

அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆமா, அவங்க சம்மதம் எங்கே?"

"அது... வாங்கலை மேடம்."

பேராசிரியையின் முகம் மாறியது. "நீ யாருன்னு உண்மையைச் சொல்லி வாங்கிட்டு வா. இல்லைன்னா இந்த அத்தியாயத்தைத் தூக்கிடு."

"இதைத் தூக்கினா ஆய்வேட்டுல அட்டைதான் மேடம் மிஞ்சும்."

"அப்ப இன்னிக்கே கேளு."

குழுவில் எழுதிப் பார்த்தாள். எப்படி எழுதினாலும் முதல் வரியே திருட்டு முழி முழித்தது. அழித்துவிட்டு, குழுவை நடத்துபவளுக்கே போன் போட்டாள். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். எல்லோருக்கும் அவள் தையல் அக்கா.

"அட, நீயா! எப்படிம்மா இருக்கே? சாப்பிட்டியா?"

பின்னால் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தை ஏதோ தன் பாஷையில் கத்திக்கொண்டிருந்தது. இப்படி அக்கறையாக விசாரிக்கிறவளிடம் எதை என்று சொல்வது?

"அக்கா, என் பையனைப் பத்தி ஒண்ணு சொல்லணும். நான் உங்ககிட்ட எல்லாம்..."

மெஷின் நின்றது.

"வேண்டாம்மா. நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். எங்களுக்குத் தெரியும்."

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"நீ சேர்ந்து நாலஞ்சு மாசத்துலயே. போட்டோ போடுன்னு சொன்னா ஒரு வாரம் ஆளையே காணோம். எங்க பிள்ளைங்களைப் பத்தித் துருவித் துருவிக் கேப்பே. உன் பிள்ளை பேச்சை எடுத்தா நழுவிடுவே. எங்களுக்குப் புரியாதா?"

"தெரிஞ்சுமா என்னை வெளியே அனுப்பலை?"

"என்ன பேச்சும்மா இது! பிள்ளையைப் பறிகொடுத்துட்டு, அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாம, எங்க நடுவுல வந்து உக்காந்திருக்கே. உன்னைப் போய் யாராவது வெளியே போன்னு சொல்லுவாங்களா?"

அக்கா நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

"அக்கா, அப்படி இல்லைக்கா... நான்..."

"அழாதேம்மா. உன்னை எதுவும் கேக்கக் கூடாதுன்னு நாங்க எல்லாரும் அப்பவே பேசி வெச்சுட்டோம். நீ படிச்சா மனசு ஒடிஞ்சிடுவியேன்னுதான், பல்லு முளைச்சது, நடந்தது, அம்மான்னு கூப்பிட்டதுன்னு சந்தோஷமான விஷயத்தையெல்லாம் நீ இல்லாத இன்னொரு குழுவுல போட்டுக்கிட்டிருக்கோம்."