விசிறாத வௌவால்

வௌவால்கள் விசிறிக்கொண்டிருந்தன.

கிணற்றடிக்கு மேலே நின்ற மருதமரத்தில் நூறு, நூற்றைம்பது இருக்கும். தலைகீழாகத் தொங்கியபடி சிறகை மெல்ல ஆட்டி ஆட்டிக் காற்று வாங்கின. இடையிடையே சிறகை நக்கி ஈரமாக்கிக்கொண்டன. இரவில் பறப்பதற்கு உயிரை மிச்சம் பிடிக்க வேண்டுமே.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஓகஸ்ட் மாத நண்பகல். கச்சான் காற்று அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல் வீசியது. நாடு முழுக்க மின்வெட்டு. வேலியில் காகங்கள் அலகைப் பிளந்துகொண்டு இருந்தன. கோழிகள் செட்டையை உடம்பிலிருந்து விலக்கி, கிணற்றுக் கட்டின் நிழலில் அசையாமல் கிடந்தன.

என் வயிற்றெரிச்சலுக்கு முன்னால் அந்த வெயில் எம்மாத்திரம்!

தங்கை றாஹிலா துணி கழுவ வந்தாள். பேசினுக்குள் எல்லாவற்றுக்கும் மேலே, பார் என்று சொல்வதுபோல், அவள் மாப்பிள்ளை ஸைனுலாப்தீனின் நீலக் கட்டம் போட்ட சட்டை.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. வாப்பா ஒரே வளவுக்குள் எனக்கொரு வீடும் அவளுக்கொரு வீடும் கட்டித் தந்தார். கிணறு பொது. மாப்பிள்ளைமார் ஆளுக்கொரு சூட்கேசோடு வந்து சேர்ந்தார்கள்.

என் மசூர் அந்தச் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு சவூதிக்குப் போய் மூன்று வருடம். மாதத்துக்கொரு கசெட்டில் அவர் குரல் வரும். குரலுக்குப் பக்கத்தில் படுக்க முடியுமா?

றாஹிலாவின் மாப்பிள்ளை வயல் வட்டையில் வேளாண்மை செய்கிறவர். விடிய சுபஹுக்கு முன் போய் இரவு இஷாவுக்குப் பிறகு வருகிறார் என்பாள். மூன்று வாரமாக நாள் தவறாமல் அந்தச் சட்டை அவள் கொடியில் காய்கிறது. அதைப் பார்க்காமல் கதவைச் சாத்தலாம் என்றால், காற்று வேண்டுமே.

கீழ்க் கொப்பில் ஒரு வௌவால் மட்டும் விசிறவில்லை. நக்கவுமில்லை. மற்றதெல்லாம் பாடுபட, அது மட்டும் சீமாட்டிபோல் சும்மா தொங்கியது. அதைப் பார்த்தும் எனக்கு எரிந்தது.

"பாரன், அதுக்கு மட்டும் வெயிலே இல்ல. குடுத்து வெச்சது," என்றேன், றாஹிலாவைப் பார்த்துக்கொண்டு.

அவள் நிமிரவில்லை.

"அது செத்து மூணு நாளாகுது, ராத்தா. செத்தாலும் வௌவாலுட கால் பிடிய விடாது."

வீட்டுக்குள் அவள் பிள்ளை அழுதது. பேசினை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

நானும் சட்டையும் தனித்திருந்தோம்.

அல்லாஹ் மன்னிக்கட்டும். தங்கை மாப்பிள்ளையின் சட்டையை எடுத்து முகத்தில் வைத்தேன். அந்த ஆள் எனக்கு வேண்டாம். வெயிலில் உழைத்துவிட்டு வீட்டுக்கு வருகிற ஒருவரின் வேர்வை வாசம், ஒரு மூச்சு போதும் என்று இருந்தது.

வெறும் சவர்க்கார வாசம்.

கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பார்த்தேன். இந்தக் கச்சானில் வட்டைக்குப் போய் வந்த சட்டை உப்புப் பூத்திருக்க வேண்டும். ஒரு கோடு இல்லை. கழுவிக் கழுவி நீலம்தான் வெளுத்திருந்தது.

எனக்கு அந்த வாசம் தெரியும். மசூர் கழற்றிப்போட்ட வெள்ளைச் சட்டையைக் கழுவாமல் அலுமாரிக்குள் வைத்துத் தினமும் முகர்ந்தவள் நான். அவர் வாசம் நாலு மாதத்தில் தீர்ந்துபோனது. அதன் பிறகு அதில் இருந்தது ஆளில்லாத சட்டையின் வாசம்.

இன்று கழுவிக் காய்கிற சட்டையை நாளை அவர் வட்டைக்குப் போட்டுக்கொண்டு போனால், நாளை நண்பகல் அது கிணற்றடிக்கு எப்படி வரும்? மூன்று வாரமாகச் சட்டையைப் பார்த்து வெந்தேனே, ஒரு நாளாவது ஆளைப் பார்த்தேனா?

அவள் வீட்டுப் பின்கதவு திறந்து கிடந்தது. றாஹிலாவின் அலுமாரிக்கு மேல், கல்யாண நாளிலிருந்து இருந்த சூட்கேசைக் காணவில்லை. வீட்டை விட்டுப் போகிற மாப்பிள்ளை எங்கள் ஊரில் வேறெதைத் தூக்குவான்?

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் நின்றாள். என் கையிலிருந்த சட்டையைப் பார்த்தாள். பிறகு வேலியைப் பார்த்தாள்.

வேலிக்கு அந்தப்பக்கம் சபியா உம்மா விறகு பொறுக்குவதுபோல் குனிந்து நின்றா. அவவின் காதில் ஒன்று விழுந்தால் அசர் தொழுகைக்குள் ஊர் முழுக்கப் போய்விடும்.

சட்டையைத் தண்ணீரில் முக்கிக் கல்லில் போட்டேன். அழுக்கே இல்லாத கழுத்துப்பட்டிக்குச் சவர்க்காரம் தேய்த்து, கை வலிக்கக் கசக்கினேன்.

"என்னடி றாஹிலா, உன்ட மாப்பிள்ளைக்கு இவ்வளவு வேர்வையா! ஊத்த இறங்குதே இல்ல!" என்று வேலிக்குக் கேட்கக் கத்தினேன்.

றாஹிலா பிள்ளையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஒரே சட்டை எத்தனை நாளைக்கு?

மறுநாள் நண்பகல் அவள் கொடியில் ஒரு வெள்ளைச் சட்டை காய்ந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக அதைக் கழுவியது நான்தான்.