புதுக் கிளி

"வேணுமா வேண்டாமான்னு ஒரு வார்த்தை கேக்கல தாயி. தொட்டதும் காசை எடுத்துட்டான்."

ராஜபாளையம் மில் தொழிலாளி கருத்தையா, பேசும் கிளி விளையாட்டு திறந்திருந்த செல்போனை நீட்டினார். ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்போன் பழுது பார்க்கும் சத்யப்பிரியாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கேட்டுவிட்டு எடுத்தால் இந்த விளையாட்டுக்காரர்களுக்கு என்ன குறைந்துவிடும்?

"எதைத் தொட்டீங்க அண்ணாச்சி?"

"புதுக் கிளின்னு இருந்துச்சு. கோயில்ல ஆண்டாள் கையில தினமும் புதுக் கிளி வச்சுட்டு, பழசை நம்மகிட்ட குடுப்பாகல்ல, அப்படின்னு நெனச்சுட்டேன். பழைய கிளி வந்தாப் போதும்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வாங்கியதை ரத்து செய்தாள். நடுவில் திரை ஏதோ கேட்டது. விரல் வழக்கம்போல 'ஆம்' என்பதை அழுத்தியது.

"காசு ரெண்டு நாள்ல வந்துரும். பழைய கிளியும் வந்துருச்சு, பாருங்க."

கருத்தையா போனைக் காதில் வைத்துச் சற்று நேரம் காத்திருந்தார்.

"பேச மாட்டேங்குதே தாயி."

"இனிமே புதுசாப் பழக்கணும் அண்ணாச்சி. நாம சொல்றதைத் திருப்பிச் சொல்லும்."

"எம்மக பழக்கி வச்சிருந்தா. அவ குரல்லயே 'அப்பா, சாப்டீகளா'ன்னு கேக்கும். அவ பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதுலருந்து, அதைக் கேட்டுட்டுத்தான் சோத்துல கை வைக்கேன்."

பழக்கிய பேச்செல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டிருந்தது. சத்யப்பிரியாதான் அவரைக் கேட்கவில்லை.

கருத்தையா போனை வாயருகே கொண்டுபோனார்.

"அப்பா, சாப்டீகளா?"

கிளி தலையைச் சாய்த்து, அவர் குரலிலேயே அவரைக் கேட்டது.