கை தவறிய குழவி

தூங்கிக்கொண்டிருந்த புருஷன் தலையில் அம்மிக்குழவியைப் போட்டதற்காகப் பூமயில் மீது கொலை முயற்சி வழக்கு. போட்டது அவள்தான், அதில் தகராறில்லை. அப்போது கொல்லும் எண்ணம் இருந்ததா என்பதை நீதிமன்றத்தின் நினைவுமானி அவள் மண்டைக்குள் பார்த்துச் சொல்லிவிடும். அந்த எண்ணம் ஏன் வந்தது என்று மட்டும் அது கேட்காது.

அதனால் வக்கீல் எஸ்தருக்கு இப்போதெல்லாம் வாதாடும் வேலை இல்லை. ஜெயிலில் உட்கார்ந்து, பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துக் கட்சிக்காரர்களின் நிஜ நினைவைத் தேய்த்து அழிப்பதுதான் வேலை.

"அவரு நல்லவரு. குழவியக் கழுவி எடுத்துட்டு வர்றப்ப கை தவறிருச்சு. சொல்லு."

"கரண்டியப் பழுக்கக் காய்ச்சி என் கையில வச்சவன்க்கா அவன்."

"அத மறந்தாத்தான் வெளிய வர முடியும். சொல்லு பூமயிலு."

மாதக்கணக்கில் சொன்னாள். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு, பிறகு சாதாரணமாக, கடைசியில் கண் கலங்கி.

மானி அவளிடம் ஒரு குற்றமும் காணவில்லை. விடுதலை. வாசலில் புருஷன் ஆட்டோவோடு காத்திருந்தான். பூமயில் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

எஸ்தர் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள். மணிக்கட்டில் அந்தத் தழும்பு அப்படியே இருந்தது.

"இது எப்படி வந்துச்சுன்னு ஞாபகம் இருக்காம்மா?"

"இதுவாக்கா? நாந்தான் அடுப்புல சுட்டுக்கிட்டேன்." பூமயில் வெட்கத்தோடு சிரித்தாள். "ராத்திரி முழுக்க அவருதான் முழிச்சிருந்து மருந்து போட்டுவிட்டாரு."

ஆட்டோ கிளம்பிப் போனது. மருந்து போட்ட கதையை எஸ்தர் சொல்லிக்கொடுக்கவே இல்லை.