முதலாளி பெயரில் வந்த மெயில்

"யார் திறந்தது?"

முதலாளி கேட்பது மூன்றாவது தடவை.

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் அரைக்கும் பட்டறை. ஏழு பேர், ஆளுக்கொரு கம்ப்யூட்டர். காலையிலிருந்து அத்தனையும் செத்துக் கிடந்தன. எந்தக் கண்ணுக்கு எந்த பவர் என்ற கணக்கெல்லாம் அதற்குள்ளே. அரைக்கும் இயந்திரங்கள் சும்மா நின்றன.

"நான்தான் சார்."

கையைத் தூக்கியது, லென்ஸ்களைக் கடைசியாகச் சரிபார்க்கும் அக்கா. பதினோரு வருஷ சர்வீஸ். தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் எடுத்துத் தூரப் போட்டுவிடுவாள்.

"நீயா? தப்பைக் கண்டுபிடிக்கத்தானேம்மா உனக்குச் சம்பளம்? சுவர்ல இவ்வளவு பெரிசா ஒட்டி வெச்சிருக்கேன், அது கண்ணுல படலையா?"

ஒட்டித்தான் இருந்தது. போலி மெயிலின் அடையாளங்கள்: அவசரப்படுத்தும். மிரட்டும். பிழை மலிந்திருக்கும். எதையாவது திறக்கச் சொல்லும்.

"மத்த ஆறு பேருக்கும் அதே மெயில்தானே வந்துச்சு? அவங்க திறந்தாங்களா? சாயந்திரம் முடிவு சொல்றேன். வேலை இருக்கும்னு நினைக்காதே."

அக்கா கையிலிருந்த லென்ஸைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த லென்ஸ்.

கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வந்திருந்தவர் வழுக்கையைத் தடவினார். "திட்டுறதை அப்புறம் வெச்சுக்கலாம் சார். அந்த ஆறு பேரும் எப்படித் தப்பிச்சாங்கன்னு கேளுங்க. எனக்கு உதவும்."

முதலாளி பாலிஷ்காரரிடம் திரும்பினார். "சொல்லுய்யா. எந்த அடையாளத்தை வெச்சுக் கண்டுபிடிச்சே?"

பாலிஷ்காரர் கூரையைப் பார்த்தார். "மனசுல பட்டுச்சு சார்."

"நீ?"

"எனக்கும் மனசுலதான்," என்றார் பார்சல் கட்டுபவர்.

"என்னய்யா, எல்லார் மனசும் ஒரே மாதிரி ஓடுதா?"

கம்ப்யூட்டர்காரர் அந்த மெயிலைத் தன் லேப்டாப்பில் எடுத்து உரக்கப் படித்தார்.

"வணக்கம். உங்கள் உழைப்பால்தான் நம் பட்டறை நிற்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கலாம் என அறிகிறேன். சிரமத்துக்கு மன்னிக்கவும். நேரம் கிடைக்கும்போது கீழே உள்ள பாதுகாப்புக் கோப்பைத் திறந்தால் போதும். மிக்க நன்றி. இப்படிக்கு, உங்கள் முதலாளி."

பாலிஷ்காரருக்கு இருமல் வந்தது.

"இதுல என்ன தப்பு?" என்றார் முதலாளி.

"தப்பே இல்லை சார். அதான் சந்தேகம் வந்துச்சு. உங்க பேரைப் போட்டு நன்றின்னு வந்தா நாங்க என்னன்னு நினைக்கிறது?" என்றார் பாலிஷ்காரர்.

"அப்பவே என்கிட்ட வந்து சொல்றதுக்கென்ன?"

"என்னன்னு சொல்றது? மரியாதையா இருக்கு, நீங்க எழுதினதா இருக்காதுன்னா?"

பார்சல்காரருக்கும் தைரியம் வந்தது. "போன வாரம் நிஜமாவே நீங்க அனுப்பினது இன்னும் இருக்கு சார். 'எந்த மடையன் விளக்கை அணைக்காமல் போனது, பத்து நிமிஷத்தில் பதில் வராவிட்டால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்.' அதுல நாலு பிழை வேற."

கம்ப்யூட்டர்காரர் சுவரைப் பார்த்தார். "அவசரம், மிரட்டல், பிழை. நோட்டீஸ்படி பார்த்தா அதுதான் சார் போலி."

முதலாளிக்குக் காது சிவந்தது. அக்காவின் மேல் பாய்ந்தார். "இத்தனை பேருக்குத் தெரிஞ்சது உனக்கு மட்டும் ஏன் தெரியலை?"

"எனக்கும் சந்தேகம் வந்துச்சு சார்." அவள் நிமிரவில்லை. "பதினோரு வருஷத்துல ஒரு நாளாவது உங்களுக்கு இப்படித் தோணியிருக்காதான்னு நினைச்சுட்டேன்."

முதலாளி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கம்ப்யூட்டர்காரர், முன்பே எடுத்து வைத்திருந்த கணக்குகளின் பழைய பிரதியைப் போட்டு, மூன்று மணிக்கெல்லாம் எல்லாவற்றையும் எழுப்பிவிட்டார். பையைத் தோளில் மாட்டியபோது பாலிஷ்காரர் கத்தினார்.

"திருட்டுப்பய மறுபடியும் வந்துட்டான்யா. அதே மாதிரி, முதலாளி பேர்ல."

"என்ன எழுதியிருக்கான்?"

"மன்னிச்சிருங்கன்னு ஆரம்பிச்சான். அதுக்கு மேல படிப்பேனா? அழிச்சிட்டேன்."

அழித்துவிட்டதாக ஆறு பேரும் சொன்னார்கள். ஏழாவதாக அக்கா. "நானும் அழிச்சிட்டேன் தம்பி. இன்னொரு தடவை ஏமாறுவேனா?"

மேஜை மேல் அவள் பை இருந்தது. சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், லென்ஸ் துடைக்கும் துணி எல்லாம் உள்ளே போயாயிற்று.

கம்ப்யூட்டர்காரர் அழித்ததை மீட்டு, அனுப்பிய முகவரியைப் பார்த்தார். முதலாளியின் முகவரியேதான், ஓர் எழுத்து பிசகவில்லை. நேராகப் போய் அறைக் கதவைத் தட்டினார்.

"சார், உங்க மெயிலை ஒருத்தரும் படிக்கலை. அந்தம்மா மூட்டை கட்டியாச்சு."

"இன்னொரு தடவை அனுப்பறேன்."

"அனுப்புங்க. இன்னொரு தடவை அழிப்பாங்க."

முதலாளி நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் நெளிந்தார். அப்புறம் எழுந்தார். அறையிலிருந்து அக்காவின் மேஜைக்கு இருபது அடி. இதுவரை கத்துவதற்கு மட்டுமே நடந்த தூரம்.

"காலையில பேசினது தப்பு. நீங்க எங்கேயும் போக வேண்டாம்." தொண்டையைச் செருமினார். "இத்தனை வருஷம் பார்த்த வேலைக்கு... நன்றி."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கீறல் தேடும் அதே பார்வை. பிறகு கம்ப்யூட்டர்காரர் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, இது அசல்தானா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."