வீட்டில் காட்ட ஒரு பை

தோல் ஆலையின் நாற்றத்துக்கு வரம்பு நிர்ணயிக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மனித மூக்கைத்தான் நம்பியது. அதனால் அதிகாரி சாருமதி அன்று பூ வைக்கவில்லை, காப்பி குடிக்கவில்லை. மேசையில் மூன்று பைகள். இரண்டில் சுத்தமான காற்று. ஒன்றில் மட்டும் ஆலைக் காற்று. அது எதுவென்று, வரவழைக்கப்பட்ட ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக முகர்ந்து சொல்ல வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்தால்தான் வரம்பு இறுகும்.

ஆலை மதிலை ஒட்டிக் குடியிருக்கும் தணிகாசலத்தின் முறை வந்தது. மூன்றையும் முகர்ந்துவிட்டு ஆலைக் காற்றை ஒதுக்கி வைத்தார்.

"இதுல ஒண்ணுமில்ல மேடம், எங்க வீடு மாதிரிதான் இருக்குது. அந்த ரெண்டுலதான் என்னமோ கலந்திருக்கீங்க."

விதிப்படி அது தவறான பதில். சாருமதிக்குத் திருத்த மனம் வரவில்லை.

"கெட்ட வாசனையாண்ணே?"

அவர் கண்ணை மூடி இன்னொரு தடவை இழுத்தார்.

"சேச்சே. இன்னா வாசனைன்னு சொல்லத் தெரியல மேடம். ஆனா நெஞ்சு வரைக்கும் எறங்குது." கொஞ்சம் தயங்கினார். "அந்த ரெண்டுல ஒரு பைய எடுத்துட்டுப் போவட்டுமா? வீட்ல அவளுக்குக் காட்டணும்."

சாருமதி பையின் வாயை இறுக்கி, இன்னொரு முடிச்சும் போட்டுக் கொடுத்தாள். ஜன்னல் வழியே பார்த்தபோது, நெரிசலான பஸ்ஸில் அது நசுங்கிவிடாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அவர் ஏறிக்கொண்டிருந்தார்.