டாக்டர் வீட்டுத் தொப்புள்கொடி

டாக்டர் லுக்மோனோ ஒரு கையில் குடையும் மடியில் மண்பானையுமாக என் பைக்கின் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

மழை இல்லை. சுரபயாவின் உச்சிவெயில். குடைகூட அவருக்கு அல்ல, பானைக்கு.

பானைக்குள் இருந்தது அன்று காலை பிறந்த அவர் மகளின் நஞ்சுக்கொடி. எங்கள் ஊர் வழக்கத்தில் அது பிள்ளையின் தம்பி. பெற்ற அப்பனே அதைக் கழுவி, பூவும் உப்பும் போட்டு, பானையில் வைத்துத் துணியில் கட்டிக் கொண்டுபோய் வீட்டு வாசலருகே புதைக்க வேண்டும். வழியில் அவன் அக்கம்பக்கம் பார்த்தால் பிள்ளைக்கு மாறுகண் வரும்.

ஜப்பான் வரை போய்ப் படித்த மனிதர், கழுத்தில் ஆணி அடித்ததுபோல் நேரே பார்த்துக்கொண்டு வந்தார்.

வாய் மட்டும் நிற்கவில்லை. பாதி பாட்டு, பாதி சிரிப்பு. சிக்னலில் நின்ற பாக்சோ சூப் வண்டிக்காரரிடம், முகத்தைத் திருப்பாமலே, பெண் பிறந்திருக்கிறது என்றார். அடுத்த சிக்னலில் லாரிக்காரரிடம் சொன்னார். அவர் ஹாரனை அழுத்தி வாழ்த்தினார். காற்று குடையைப் புரட்டிப்போட்டது. டாக்டர் அதற்கும் சிரித்தார்.

அவர் சந்தோஷம் எனக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு தடவை தப்பான தெருவில் திரும்பினேன்.

இந்த மனிதரை வருஷக்கணக்காக என் பைக்கில் ஏற்றி அலைந்தவன் நான். அவருடைய ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குத் தொப்புள்கொடி வேண்டும். அதிலிருந்து செல் எடுத்து வளர்த்து, ஆறாத புண்ணை ஆற வைக்கப் பார்க்கிறார். ஜப்பானில் கேட்டதும் கொடுத்தார்களாம். இங்கே யார் கொடுப்பார்கள்? பிரசவமாகப்போகும் வீடுகளுக்குத் தேடிப் போய்க் கெஞ்சுவார். நஞ்சை நீங்களே புதைத்துக்கொள்ளுங்கள், கொடியை மட்டும் எனக்கு வெட்டிக் கொடுங்கள் என்பார். சில வீட்டில் காபி கொடுத்தார்கள். சில வீட்டில் செருப்பைத் தேடினார்கள்.

எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான். உங்கள் பிள்ளையாக இருந்தால் கொடுப்பீர்களா?

"எனக்குன்னு ஒண்ணு பொறக்கட்டும். மொத ஆளா நான் கொடுக்கறேன்" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்வார்.

அந்த வாக்கை நம்பித்தான் நானும் என் மகளுடையதைக் கொடுத்தேன். அவருடைய ஆய்வுக்கூடம் நடந்ததே அந்த வாக்கில்தான். கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லாமல் போனதால், சொன்னபடி செய்வாரா என்று யாராலும் பார்க்க முடியவில்லை.

இன்று பார்த்துவிடலாம் என்று பிரசவ வார்டே காத்திருந்தது. ஏற்கெனவே கொடுத்தவர்கள், அடுத்த வாரம் கொடுக்கலாமா என்று யோசிப்பவர்கள், நர்சுகள், எல்லாருக்கும் இதே பேச்சு. இன்றைக்கு அவர் கொடுக்காவிட்டால் இனி எந்த வீட்டுப் படியை மிதிப்பார்?

கழுவும் அறைக்குள் போனவர் கதவைச் சாத்திக்கொண்டார். வெகுநேரம் வரவில்லை. நர்சையும் உள்ளே விடவில்லை. அப்பன்தான் கழுவ வேண்டும் என்பதால் யாரும் தப்பாக நினைக்கவில்லை. பானையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்ததும், ஆய்வுக்கூடத்துக்குக் கொடி போயாச்சா என்று கேட்டேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்து, பெண்ணுக்கு அப்படியே ரெத்னோவின் மூக்கு என்றார். ரெத்னோ அவர் மனைவி. சரி, அனுப்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

வழியெல்லாம் அவர் சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஆய்வுக்கூடத்து யுனிதான், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார்.

வீட்டில் அவர் மாமனார் வாசலுக்கு இடப்பக்கம் குழி வெட்டி வைத்திருந்தார். பெண் பிள்ளைக்கு இடப்பக்கம்தான். மூடி வைக்கக் கூடையும் விளக்கும் தயாராக இருந்தன. டாக்டர் கால்சட்டையை மடித்துவிட்டுக் குழியோரம் உட்கார்ந்தார். மாமனார் தண்ணீர் எடுக்க உள்ளே போனார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளை நன்றாகப் படிக்கட்டும் என்று பானைக்குள் ஒரு பென்சில் போடுவது வழக்கம். அதற்காக டாக்டர் துணியை அவிழ்த்து மூடியைத் திறந்தார்.

நான் குனிந்து பார்த்தேன்.

சேம்பிலைமேல் நஞ்சு. அதைச் சுற்றி, பிள்ளையிடமிருந்து பிரித்த இடம் தவிர வேறு வெட்டே படாமல், முழுசாகத் தொப்புள்கொடி.

டாக்டர் நிமிர்ந்தார். நான் பார்த்துவிட்டதை அவர் பார்த்துவிட்டார். காது இரண்டும் சிவந்துபோயின. ஆனால் முகத்திலிருந்த சிரிப்பு மட்டும் போகவில்லை. பென்சிலை உள்ளே போட்டு மூடியை மூடினார். பானையை அவ்வளவு மெதுவாகக் குழியில் இறக்கினார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என் மகளுடையதை வாங்கிக்கொண்டு போனவர் இவர். ஆனால் சிரிப்புத்தான் பீறிக்கொண்டு வந்தது. குடையால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மறுபடியும் போன் அடித்தது. இந்தத் தடவை எடுத்தார்.

"யுனி, இனிமே காத்திருக்காதம்மா, இந்த வீட்டுல கொடுக்கல" என்றார் டாக்டர், குழிக்குள் பார்த்தபடியே. "நான் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். பிள்ளையோட அப்பன் மசியவே மாட்டேங்கறான்."