வளை இருக்கும் பக்கம்

நாடகத்தின் நடுவில் ஹால் விளக்குகள் எல்லாம் எரிந்தன.

அதை எழுதிவிட்டுத் திரைக்கு ஓரமாக நின்றிருந்தவளுக்கு வயிறு எரிந்தது. விளக்கைப் போட வேறு நேரமா கிடைக்கவில்லை இவர்களுக்கு?

வீட்டைத் தேடும் குட்டி நண்டின் படக்கதை. ஊரில் அதைப் படிக்காத குழந்தை கிடையாது. நாடகமாக்கித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட நாள் முதல் சபா செயலாளர் கோதண்டம் அவள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்.

வில்லன் வேண்டும் என்றார். சுறா வந்தது.

குடும்பத்தோடு வருகிறார்கள், பாட்டு வேண்டும் என்றார். சுறாவும் பாடியது.

கடைசியில் நீதி வேண்டும் என்றார். அதையும் எழுதித் தொலைத்தாள்.

ஒரே ஒரு பக்கத்தை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

அதில் ஓர் எழுத்துகூடக் கிடையாது. வெறும் மணல். மூலையில் கடுகளவு நண்டு வளை. பெரியவர்கள் கண்ணில் படாது. குழந்தைகள் பார்த்ததும் விரல் வைத்துவிடுவார்கள். அவள் மகள் விரல் வைத்து வைத்து, வீட்டுப் புத்தகத்தில் அந்த இடம் வெளுத்தே போயிருந்தது.

மேடையில் மணல்நிறத் துணி விரித்து, ஓரத்தில் சின்னதாக ஒரு கறுப்பு வட்டம் வரைந்தாள். வசனம் இல்லை, இசை இல்லை. நண்டு தேடும், அவ்வளவுதான்.

மைக் போய்விட்டது என்று ஜனங்கள் நினைப்பார்கள் என்று கோதண்டம் தலையில் அடித்துக்கொண்டார்.

அவள் அசையவில்லை.

அந்தப் பக்கம்தான் இப்போது நடந்துகொண்டிருந்தது. ஹால் அடங்கியிருந்தது. நண்டு வேஷக்காரி குனிந்து தேடத் தொடங்கியிருந்தாள்.

அதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள். சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். விழா தொடங்கியபோது வந்திருக்க வேண்டியவர்.

விருந்தினர் வந்தால் எது நடந்தாலும் நிறுத்திவிட்டுப் பொன்னாடை போர்த்துவது சபா வழக்கம். கோதண்டம் பொன்னாடையை இரு கையிலும் விரித்துப் பிடித்தபடி மேடையேறினார். பின்னால் விருந்தினர். அவர் பின்னால் போட்டோகிராபர். எல்லாரும் செருப்போடு.

நண்டு ஒதுங்கி நின்றது.

நாசமாய்ப் போங்கள் என்று நினைத்தாள். அழுகைகூட வரவில்லை. அவ்வளவு ஆத்திரம்.

முன் வரிசையில் ஒரு குழந்தை எழுந்தது.

"தாத்தா, அதோட வீட்டை மிதிச்சிட்டு நிக்கிறீங்க."

இன்னொன்று எழுந்தது. அப்புறம் வரிசை வரிசையாக எழுந்தன. எல்லா விரலும் கோதண்டத்தின் வலது காலைக் காட்டின.

அவர் குனிந்து பார்த்தார்.

காலைத் தூக்கினார். எங்கே வைப்பது என்று தெரியாமல், விரித்த பொன்னாடையோடு ஒற்றைக் காலில் நின்றார். விருந்தினரும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார்.

ஹாலில் ஒரு சத்தம் இல்லை.

நண்டு மெல்ல நகர்ந்து வந்து அவர் காலடியில் சுருண்டு படுத்தது.

அடுத்த ஞாயிறு மறு காட்சி. விருந்தினர் என்று யாரையும் கூப்பிடக் கூடாது என்று முன்பே சண்டை போட்டுச் சம்மதம் வாங்கியிருந்தாள்.

அந்தப் பக்கம் வந்தது. ஹால் அடங்கியது.

பக்கத்தில் ஏதோ சரசரத்தது. திரும்பினாள்.

கோதண்டம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, மேடையேறத் தன் முறைக்காகக் காத்திருந்தார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு ஒதுங்கி வழிவிட்டாள்.